பட்டு இழுக்காத விரல்: ஆறு வாரக் கைவைத்தியக் குறிப்பு

ஆவணிக் கல்யாணம் ஒன்றுக்கு வந்த கூறைச் சேலை அது. அரக்கு நிறம், அகலமான சரிகைக் கரை. உள்பக்கம் ஃபோல் (கரைக்கு அடியில் வைக்கும் துணிப்பட்டி) வைத்துத் தைப்பதற்காக மடியில் விரித்து, இடது கையால் கரையை நீவிக்கொண்டு போனேன். அரை முழம் போவதற்குள் சுட்டுவிரல் நுனியில் ஏதோ பிடித்தது. கையை எடுத்தேன், சேலையும் கூடவே எழும்பியது. நகத்தோரம் தும்பு மாதிரிக் கிளம்பி நின்ற ஒரு துளித் தோலில் பட்டு இழை ஒன்று மாட்டி, அரை அங்குல நீளத்துக்கு வளையமாக வெளியே வந்திருந்தது.

இப்படி வந்த இழையை வெட்டவே கூடாது. வெட்டினால் அந்த இடம் ஓட்டையாகிவிடும். மெல்லிய ஊசியின் நுனியால் வளையத்தின் இரண்டு பக்கமும் இழையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, நெசவுக்குள் திரும்பப் போகவிட்டேன். அதற்கு ஒன்றேகால் மணித்தியாலம் பிடித்தது. மணப்பெண்ணின் தாய் வந்தபோது இடத்தைக் காட்டி, நடந்ததைச் சொல்லித்தான் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியேல்லையே தங்கச்சி" என்றார். எனக்குத் தெரிந்தது. அன்று இரவே விரல்களைச் சரிசெய்யும் வேலையில் இறங்கினேன். இது அதற்குப் பிறகு வந்த ஆறு வாரங்களின் குறிப்பு.

வெள்ளவத்தையில், மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருக்கிறோம். பதினேழு வருடமாக வீட்டிலிருந்தே பிளவுஸ் தைக்கிறேன். மெஷின் வேலை பாதி என்றால் கைவேலை பாதி. ஃபோல், கொளுக்கி, கழுத்துக் கரை, கை மடிப்பு எல்லாம் ஊசியும் கையும்தான். அப்புறம் சமையல், பாத்திரம், உடுப்புத் தோய்ப்பது. இந்த இரண்டு வேலையும் சேர்ந்துதான் கையை இந்த நிலைக்குக் கொண்டுவந்தன. அது எப்படி என்பது மூன்றாம் வாரத்தில்தான் எனக்கு முழுதாக விளங்கியது.

முதல் நாள் காலை யன்னலோரம் உட்கார்ந்து, சரிகை பார்க்கும் பூதக்கண்ணாடியால் இரண்டு கையையும் பார்த்தேன். வலது பெருவிரலின் வெளிப்பக்கம், கத்தரிக்கோல் வளையம் உட்காரும் இடத்தில், மஞ்சளாக, பளபளப்பாக ஒரு நீளக் காய்ப்பு. நகத்தால் தட்டினால் பிளாஸ்டிக்கைத் தட்டுகிற சத்தம். வலது நடுவிரல் நுனியில் ஊசியின் காதைத் தள்ளும் இடத்தில் வட்டமாக ஒன்று, அதில் புள்ளி புள்ளியாகப் பழைய குத்துகள். இடது சுட்டுவிரல் நுனி வேறு மாதிரி. துணிக்கு அடியில் இருந்துகொண்டு ஊசி முனை வருகிறதா என்று தொட்டுப் பார்க்கும் விரல் அது. ஆயிரம் தரம் குத்து வாங்கியதில் அதன் தோல் செதில் செதிலாக, பழைய சுண்ணாம்புச் சுவர் உரிகிற மாதிரி இருந்தது. பத்து விரலிலும் நகத்தின் அடியோரத் தோல் வெள்ளையாகக் காய்ந்து, ஆறு இடத்தில் தும்பு கிளம்பி, இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. தேங்காய்ச் சம்பல் பிசையும்போது மிளகாய்த்தூள் ஏறி எரிவது அந்த இரண்டு வெடிப்பில்தான்.

அளந்து பார்க்காத வேலை எனக்குப் பிடிக்காது. வெட்டி மிச்சமான சாட்டின் துண்டு ஒன்றை மேசையில் குண்டூசியால் இழுத்துக் குத்தினேன். ஒவ்வொரு விரல் நுனியாலும் பத்துத் தரம் அதன்மேல் மெதுவாக நீவி, எத்தனை தரம் பிடிக்கிறது என்று அளவுக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினேன். முதல் நாள்: இடது சுட்டுவிரல் பத்துக்குப் பத்து. வலது நடுவிரல் எட்டு. வலது பெருவிரல் மூன்றுதான். பெருவிரல் காய்ப்பு மற்ற எல்லாவற்றையும் விடத் தடிப்பு, ஆனால் வழவழப்பு. துணியை இழுத்தது தடிப்பு அல்ல, சொரசொரப்பு. இந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் நான் பெருவிரலைத்தான் முதலில் சுரண்டியிருப்பேன்.

இதற்கு முன்னர் செய்த பிழைகளையும் சொல்லிவிடுகிறேன், யாராவது அதே வழியில் போகாமல் இருக்கட்டும். சில வருடங்களுக்கு முன்னர் பிளேடால் நடுவிரல் காய்ப்பைச் சீவினேன். அன்று அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் சீவிய விளிம்பு காய்ந்து இன்னும் கூராகி, துணியில் முன்னரை விட மோசமாக மாட்டியது. ஒரு மாதத்தில் காய்ப்பு பழைய தடிப்புக்கே வந்துவிட்டது. அழுத்தமும் உராய்வும் தொடரும் இடத்தில் தோல் தன்னைக் காத்துக்கொள்ள மேல் அடுக்கைத் தடிப்பாக்குகிறது. ஊசி தள்ளுவதை நான் நிறுத்தாதவரை தோலும் அதை நிறுத்தாது.

இன்னொரு தரம், தேசிக்காய்ப் பாதியில் சீனி தொட்டுக் கைமுழுக்கத் தேய்த்தேன். கை மெதுவாகும் என்று அம்மா காலத்திலிருந்து சொல்லிவருவது. தேய்த்துவிட்டு, சரியாகக் கழுவாமல், மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போடப் போனேன். பத்தரை மணி வெயில். இரண்டு நாள் கழித்து விரல் முட்டிகளில் சிவந்து எரிந்தது, பிறகு மண்ணிறத் திட்டுகளாக மாறி இரண்டு மாதத்துக்கு மேல் கிடந்தது. தேசிக்காய்ச் சாற்றில் உள்ள ஒரு வகைப் பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் இப்படித் தோலைப் பொசுக்கும் என்று பிறகு தோல் வைத்தியர் ஒருவர் விளக்கினார். வெடித்த தோலில் புளிப்பு எதையும் வைப்பதை அன்றோடு விட்டேன்.

முதல் வாரம் எதையும் தேய்க்கவில்லை, பூசவும் இல்லை. கையைக் கெடுப்பதை நிறுத்தினால் என்ன ஆகிறது என்று மட்டும் பார்த்தேன்.

கொழும்பின் காற்றில் எப்போதும் ஈரம். உப்பு கசியும், அப்பளம் நமுக்கும். இங்கே இருந்துகொண்டு கைத்தோல் காய்கிறது என்றால் நம்பக் கஷ்டம்தான். ஆனால் தோலைக் காய வைப்பது தண்ணீரேதான். தோலின் மேல் அடுக்கு ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பது இடையில் இருக்கும் கொழுப்பாலும், தோல் தானே வைத்திருக்கும் சில கரையும் பொருட்களாலும். ஒவ்வொரு தரம் நனைந்து காயும்போதும் அவற்றில் கொஞ்சம் போய்விடுகிறது. சவர்க்காரம் சேர்ந்தால் இன்னும் வேகமாகப் போகும். தோலின் இயல்பு இலேசான புளிப்பு, அமிலத்தன்மை அளவில் 5க்குக் கிட்ட. சாதாரண சவர்க்காரக் கட்டி 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். நான் ஒரு நாளில் எத்தனை தரம் கை நனைக்கிறேன் என்று எண்ணினேன். திங்கட்கிழமை: முப்பத்தொரு தரம். ஒவ்வொரு பட்டுத் துணியைத் தொடும் முன்னரும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாது என்று சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறேன். துணிக்காகச் செய்த அந்தக் கவனம்தான் விரலைக் கெடுத்தது.

ஆகவே செய்த மாற்றங்கள் இவை. பாத்திரத்துக்கும் உடுப்புக்கும் ரப்பர் கையுறை. உள்ளே வியர்த்து ஊறுவதால் அதுவும் தண்ணீர் வேலைக்குச் சமமாகிவிடும் என்று கண்டு, உள்ளே மெல்லிய பருத்தி உறை ஒன்று போட்டேன், கால் மணித்தியாலத்துக்கு மேல் போட்டிருப்பதில்லை. பாத்திரத்தைப் பொச்சுத்தும்பால் தேய்ப்பதை வெறுங்கையால் செய்வதில்லை. தைக்க உட்காரும் முன்னர் சவர்க்காரத்துக்குப் பதிலாக வெறும் தண்ணீரில் அலசி, துவாயால் ஒற்றி, விரல் இடுக்கு வரை உலரவிடுகிறேன். மாவோ எண்ணெயோ தொட்ட கைக்கு மட்டும் சவர்க்காரம். தையலை நாளின் முதல் வேலையாகவும் சமையலை அதற்குப் பிறகும் மாற்றினேன். வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு அரை மணித்தியாலம் பிந்தியது, அவர்கள் பழகிக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் சம்பல் பிசைந்தேன், எரியவில்லை. சாட்டின் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை, சுட்டுவிரல் ஒன்பது. ஆனால் வெடிப்பு இரண்டும் மூடியிருந்தன. பூச்சு எதுவும் இல்லாமலே நடந்தது அது.

இரண்டாம் வாரம் நுரைக்கல். காலுக்கு வைத்திருந்ததை எடுக்கவில்லை, கைக்கென்று சிறியதாக ஒன்று வாங்கினேன். எரிமலைக் குழம்பு காற்றுக் குமிழிகளோடு உறைந்த கல் அது, தண்ணீரில் போட்டால் மிதக்கும். கோப்பையில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து, சவர்க்காரம் எதுவும் போடாமல் விரல் நுனிகளைப் பத்து நிமிடம் ஊறவிட்டேன். ஊறியதும் காய்ப்பு மட்டும் வெள்ளையாக மாறி, எது செத்த தோல் எது உயிர்த்தோல் என்று வரைந்து காட்டுகிற மாதிரித் தெரியும். கல்லையும் நனைத்து, ஒரே திசையில் தேய்த்தேன்.

இங்கேதான் பிழை விட்டேன். இடது சுட்டுவிரல் பத்துக்குப் பத்து வாங்கிய விரல் அல்லவா, அதில் ஆசை கூடிவிட்டது. வழவழவென்று, குழந்தை விரல் மாதிரி ஆகும்வரை தேய்த்தேன். சாட்டினில் பத்துக்கு இரண்டு. சந்தோஷமாக அடுத்த நாள் ஒரு வெள்ளை லைனிங்குக்குக் கரை மடிக்க உட்கார்ந்தேன். நாலாவது தையலில் ஊசி முனை விரலுக்குள் இறங்கியது. வழக்கமாக முனை காய்ப்பில் தட்டும், கை தானாக ஊசியைத் திருப்பும். அன்று தட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. துணியில் மிளகளவு இரத்தப் பொட்டு.

இரத்தக் கறைக்குத் தையல்காரர் எல்லோரும் அறிந்த வழி ஒன்று உண்டு. வெள்ளைப் பருத்தி நூலை வாயில் போட்டு ஊறவைத்து, அந்த ஈர நூல் உருண்டையால் பொட்டை ஒற்றி ஒற்றி எடுப்பது. பிறகு குளிர்ந்த தண்ணீர். சுடுதண்ணீர் பட்டால் கறை அப்படியே பதிந்துவிடும். கறை போனது. விரல் ஆறவில்லை, நாலு நாள் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு தைத்தேன், துணியை உணரவே முடியவில்லை.

அன்று கொப்பியில் எழுதியது: காய்ப்பு இருக்கட்டும், தும்பு மட்டும் போகட்டும். அதற்குப் பிறகு இந்த வேலையே எனக்கு வேறு வேலையாகிவிட்டது. காய்ப்பு என் கையின் உபகரணம். பதினேழு வருடத்தில் விரல் தானே செய்துகொண்ட உறை. அதை எடுத்துவிட்டு வேறொன்று மாட்டலாம்தான், ஊசி குத்தாமல் விரல் நுனியில் மாட்டும் திம்பிள் என்னிடம் இரண்டு இருக்கிறது, வலது நடுவிரலுக்குத் தடித்த துணி தைக்கும்போது போடுவேன். ஆனால் இடது சுட்டுவிரலுக்குத் திம்பிள் போட்டால் துணிக்குக் கீழே நான் குருடு.

அதனால் இப்போது கல் தேய்ப்பது இப்படி: வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு இரவு மட்டும். விரலுக்கு எட்டு அல்லது பத்து இழுப்பு, அதற்கு மேல் இல்லை. விளிம்புகளில் மட்டும், காய்ப்பின் நடுவில் கை வைப்பதில்லை. காய்ப்பும் நல்ல தோலும் சேரும் எல்லைதான் செதில் கிளம்பும் இடம். அந்த எல்லை ஒரு சரிவாக இறங்கினால் நூல் பிடிக்க இடமில்லை. கண்ணாடி நக அரம் ஒன்றும் வாங்கினேன், நுனியின் ஓரத்துக்குக் கல்லை விட அது வசதி. ஈரமாக இருக்கும்போது போதும் என்று தோன்றுவதற்கு முன்னரே நிறுத்த வேண்டும், காய்ந்த பிறகுதான் உண்மையான நிலை தெரியும்.

மூன்றாம் வாரம் பாமசிக்குப் போனேன். காய்ப்பைக் கரைக்கும் கிறீம் ஒன்று கேட்டேன். அங்கே நின்ற தம்பி கையைக் காட்டச் சொல்லிப் பார்த்தான்.

"அக்கா, உங்களுக்குத் தோலைக் கரைக்க வேணுமோ, ஊறப்பண்ண வேணுமோ?"

"இரண்டுக்கும் வித்தியாசம் என்ன தம்பி?"

"யூரியா கிறீம்தான் இரண்டுக்கும். பத்து வீதம் எண்டால் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். நாப்பது வீதம் எண்டால் தடிச்ச தோலையே அரிச்சுப்போடும், நகத்தைக் கூட மெதுவாக்கும். உங்கட வேலைக்குப் பத்து காணும். சீனி வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே?"

நீரிழிவு இல்லை என்றேன். இருந்தால் காய்ப்பை வீட்டில் தொடாமல் வைத்தியரிடம் காட்டச் சொல்லியிருப்பானாம். உணர்ச்சி குறைந்த விரலில் எவ்வளவு தேய்த்தோம் என்று தெரியாது, சின்னக் காயமும் ஆறாது. கால் ஆணிக்கு ஒட்டும் மருந்துப் பிளாஸ்டரைக் கைக்கு ஒட்டலாமா என்றும் கேட்டேன், பக்கத்து வீட்டு மாமி சொல்லியிருந்தார். அதில் சலிசிலிக் அமிலம் 40 வீதம் வரை இருக்கும், சுற்றியுள்ள நல்ல தோலையும் வெள்ளையாக்கி உரித்துவிடும், மெல்லிய விரல் தோலுக்கு வேண்டாம் என்றான். யூரியா நம் தோல் ஈரத்தைப் பிடிக்கத் தானே வைத்திருக்கும் பொருட்களில் ஒன்று என்பதும் அவன் சொல்லித்தான் தெரியும். முப்பத்தொரு தரம் கழுவி நான் போக்கிய பொருளைத்தான் இப்போது காசு கொடுத்து வாங்கித் திரும்பப் பூசுகிறேன்.

வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்க இது எதற்கு என்ற கேள்வியும் வந்தது. தேங்காய்ப்பால் பிழிந்த நாளில் கை எப்படி மெதுமெதுவென்று இருக்கும் என்று எனக்குத் தெரியும். சரி, இரண்டையும் பார்த்துவிடுவோம் என்று ஏழு இரவு இடது கைக்கு எண்ணெய், வலது கைக்கு யூரியா கிறீம். எண்ணெய் நகத்தோரத் தோலுக்கு அருமையாக வேலை செய்தது. மூன்றாம் இரவே வெள்ளைக் கோடு போய்த் தோல் நிறத்துக்கு வந்துவிட்டது. காய்ப்பில் அது மேலே மினுங்கியதோடு சரி. யூரியா வலது கையில் காய்ப்பையே வளையும்படி செய்தது, பெருவிரலைத் தட்டினால் அந்தப் பிளாஸ்டிக் சத்தம் இல்லை. ஆனால் வெடிப்பு இருக்கும் இடத்தில் பட்டால் முதல் நிமிடம் எரியும்.

ஆகவே இரவுப் பூச்சு இப்படி நிலைத்தது: கையை நனைத்து ஒற்றி, இலேசான ஈரம் இருக்கும்போதே காய்ப்புகளுக்கு யூரியா. நகத்தோரங்களுக்கு ஒரு துளி தேங்காய் எண்ணெய், நகத்தைச் சுற்றி மற்றக் கைப் பெருவிரலால் அமுக்கிச் சுழற்றி. கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே வாஸ்லின், பச்சை அரிசி அளவு. வாஸ்லின் தோலுக்கு ஈரம் கொடுப்பதில்லை, உள்ளே இருப்பதை வெளியே போகவிடாமல் மூடுவதுதான் அதன் வேலை. அதனால் காய்ந்த தோலில் நேரே பூசினால் வறட்சியைத்தான் மூடிவைப்போம். இவை எல்லாம் இரவில் மட்டும். பகலில் என் கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கவே முடியாது, பட்டில் எண்ணெய்க் கறை விழுந்தால் இழை இழுபட்டதை விட மோசம்.

இனி உறை. இந்தப் பகுதியை எழுதத்தான் எனக்கு ஆசை அதிகம், ஏனென்றால் இது என் தொழில்.

பூசிய கையோடு படுத்தால் எல்லாம் தலையணைக்குப் போய்விடுகிறது. பருத்திக் கையுறை போடச் சொல்வார்கள். வீட்டில் கிழிந்த பெனியன் ஒன்றை வெட்டி முழுக் கையுறை தைத்தேன். கையைத் துணியில் விரித்து வைத்துச் சுற்றிக் கோடு வரைந்து, அரை சென்டிமீட்டர் தையலுக்கு விட்டு, துணி இழுபடும் திசை கையின் குறுக்கே வரும்படி வைத்து வெட்டினேன். விரல் இடுக்குகளில் தையல் வரைக்கும் சிறு வெட்டுக் கொடுத்தால்தான் திருப்பும்போது சுருங்காது. நன்றாகவே வந்தது. ஆனால் கொழும்பு இரவில் மின்விசிறி ஐந்தில் சுழன்றாலும் உள்ளங்கை வியர்த்து, நள்ளிரவில் எப்போது கழற்றினேன் என்று தெரியாமல் காலையில் அது கட்டிலுக்குக் கீழே கிடந்தது. இரண்டு இரவும் அதே கதை.

மூன்றாம் இரவுக்கு உள்ளங்கையையே விட்டுவிட்டேன். விரலுக்கு விரல் தனித் தொப்பி. பெனியன் துணியில் 6 சென்டிமீட்டர் நீளம், விரல் சுற்றளவை விட அரை சென்டிமீட்டர் குறைவாக அகலம், ஏனென்றால் இழுபடும் துணி, தையலும் கொஞ்சம் எடுக்கும். இரண்டாக மடித்து, நுனியை அரைவட்டமாக வளைத்து, நெருக்கமான வளைதையலில் ஒரு ஓட்டம். நேர்த்தையல் போட்டால் இழுக்கும்போது நூல் அறும். தையல் வெளிப்பக்கம் இருக்கட்டும், திருப்பவே வேண்டாம். உள்ளே இருந்தால் அந்தத் தடிப்பு இரவு முழுக்க நகத்தோரத்தை அமுக்கும். வாய்க்கு எலாஸ்டிக் வைக்கவில்லை, பெனியன் துணியின் சுருளே பிடித்துக்கொள்கிறது. எலாஸ்டிக் இறுக்கினால் விரல் மரத்துவிடும். ஒரு பெனியனில் பதினெட்டுத் தொப்பி வந்தது. மூன்று விரலுக்கு மட்டும் போடுகிறேன், உள்ளங்கை காற்றோடு இருக்கிறது, காலையில் மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மூன்று நாளைக்கு ஒரு தரம் மாற்றி, உடுப்போடு சேர்க்காமல் தனியே சுடுதண்ணீரில் தோய்க்கிறேன், எண்ணெய் ஏறிய துணி வைத்திருந்தால் காறல் மணம் வந்துவிடும்.

நகத்தோரத் தோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாலு வருடத்துக்கு முன்னர் உறவுக்காரப் பிள்ளையின் கல்யாணத்துக்கு என்று ஓர் அழகு நிலையத்தில் நகம் செய்துகொண்டேன். நகத்தடியில் இருக்கும் மெல்லிய தோலை முழுக்க வெட்டி எடுத்துவிட்டார்கள். பார்க்க நீட்டாக இருந்தது. ஒரு வாரத்தில் வலது மோதிரவிரல் நகச்சுற்று வந்து வீங்கித் துடித்தது. அம்மா தேசிக்காயில் துளை போட்டு மஞ்சள் அடைத்து விரலில் சொருகிவிட்டார். இரண்டு இரவு தூங்கவில்லை. மூன்றாம் நாள் வைத்தியர் சீழை எடுத்து மருந்து தந்தார். அந்த மெல்லிய தோல் நகத்துக்கும் சதைக்கும் இடையிலுள்ள இடுக்கை மூடும் ஒட்டு, அதை வெட்டினால் தண்ணீரும் கிருமியும் நேரே உள்ளே போகும், தண்ணீரில் வேலை செய்கிறவர்கள் அதைத் தொடவே கூடாது என்றார். பிறகு அந்த நகத்தில் குறுக்கே ஒரு பள்ளம் விழுந்து, மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவில் மேலே நகர்ந்தது. என் அளவு நாடாவால்தான் அளந்தேன். முழுக்க வெட்டி எறிய ஐந்து மாதம் ஆனது.

நம் வீடுகளில் நகப்பூச்சு எதுவானாலும் கியூட்டெக்ஸ் என்றுதான் சொல்கிறோம். 1911இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்தப் பெயருக்கு முதலில் வந்த பொருள் நகப்பூச்சு அல்ல, இந்த நகத்தோலை வெட்டாமல் கரைத்து நீக்கும் திரவம். கத்தரிக்கோலுக்கு மாற்றாக வந்தது. கத்தரிக்கோல் வேண்டாம் என்ற எண்ணம் அவ்வளவு பழையது, அழகு நிலையங்களில் இன்னமும் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நான் செய்வது: குளித்து வந்ததும் தோல் ஊறியிருக்கும்போது, துவாயின் மூலையைப் பெருவிரலில் போர்த்தி, நகத்தோலை மெதுவாகப் பின்னுக்கு ஒரு தரம் நீவுவது. ஈர்க்கு, ஊசியின் பின்பக்கம், நகவெட்டியின் முனை ஒன்றும் வேண்டாம். பக்கவாட்டில் கிளம்பும் தும்பை மட்டும் வெட்டலாம். அதையும் பல்லால் கடித்தோ நகத்தால் இழுத்தோ எடுக்கக்கூடாது, இழுத்தால் அது உயிர்த்தோலையும் கிழித்துக்கொண்டு சம்பல் எரியும் இடம் வரை போகும். நூல் வெட்டும் சின்னக் கத்தரிக்கோலைக் கொதிதண்ணீரில் போட்டெடுத்து, தும்பை நனைத்து, அடியோடு ஒட்ட ஒரே வெட்டு. துணியில் நூல் முனை வெட்டுவது போலவேதான், இழுக்காமல்.

நாலாம் ஐந்தாம் வாரம் அதிகம் எழுத ஒன்றும் இல்லை. இரவுப் பூச்சு, ஞாயிறு கல். பெருவிரல் காய்ப்பு மட்டும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காரணம் கத்தரிக்கோல். எட்டு அங்குல இரும்புக் கத்தரிக்கோல், வளையத்தின் உள்விளிம்பு கூர். புறக்கோட்டை கெய்சர் தெருவுக்குப் பித்தான் வாங்கப் போனபோது பருத்தி நாடா ஒரு சுருள் வாங்கி, வளையத்தைச் சுற்றி இரண்டு அடுக்கு இறுக்கிச் சுற்றி, முனையைத் தைத்து முடித்தேன். முதல் நாள் கைக்கு அந்நியமாக இருந்தது. பத்து நாளில் காய்ப்பின் நடுவில் இருந்த பள்ளம் மெல்ல நிரம்பத் தொடங்கிவிட்டது. இதை முதல் வாரமே செய்திருக்க வேண்டும்.

மேல்மாடியில் வீணை படிக்கும் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். என் தொப்பிகளைக் கண்டு, தனக்கும் மூன்று கேட்டு வந்தாள். இடது கைச் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் தந்தி அமுக்கிய கோடு, ஓரம் உரிந்திருந்தது. அவளுக்கு நான் சொன்னது: வாசிக்க முன்னர் கையை ஊறவைக்காதே, ஊறிய காய்ப்பு தந்தியில் வழன்று உரிந்துவிடும். பூசுவது வாசித்து முடித்த இரவில். காய்ப்பின் நடுவைத் தொடாதே. அவளுடைய மோதிரவிரல் பக்கத்தில் இன்னொரு சின்னத் தடிப்பும் இருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் விரல் ரேகை அந்த இடத்தில் அறுந்து, உள்ளே கறுத்த புள்ளிகள். காய்ப்பில் ரேகை தொடர்ந்து ஓடும். ரேகை அறுந்து கறுத்த புள்ளி தெரிந்தால் அது பாலுண்ணி வகை. தேய்த்தால் மற்ற விரலுக்கும் பரவும். தாயோடு வைத்தியரிடம் போகச் சொல்லி அனுப்பினேன், கல்லைக் கொடுக்கவில்லை.

ஆறாம் வார ஞாயிறு. சாட்டின் துண்டு அதேதான், அதே குண்டூசிகள். இடது சுட்டுவிரல் பத்துக்கு ஒன்று. வலது நடுவிரல் இரண்டு, அதில் ஒரு குத்துக் காயம் இன்னும் ஆறவேண்டியிருக்கிறது. பெருவிரல் ஒன்றும் இல்லை. சுட்டுவிரலில் காய்ப்பு திரும்ப வளர்ந்திருக்கிறது, ஊசி முனை தட்டுவது தெரிகிறது, நீவினால் துணி வழுக்கிக்கொண்டு போகிறது. கை நனைப்பது முப்பத்தொன்றிலிருந்து பதினாலுக்கு வந்திருக்கிறது.

நேற்று இன்னொரு கூறை வந்தது, மயில் கழுத்துப் பச்சை. கரையை நீவ முன்னர் சாட்டினில் ஒரு தரம் நீவிப் பார்த்துவிட்டு, ஐந்தரை மீட்டரும் ஒரே இருப்பில் தைத்து முடித்தேன். மாமி தனக்கும் பெருவிரலுக்கு இரண்டு தொப்பி வேண்டும் என்கிறார். தேங்காய் துருவித் துருவிக் காய்த்த விரல், சுற்றளவு என்னுடையதை விட ஒரு சென்டிமீட்டர் கூட. அடுத்த பெனியனை இன்று காலை தோய்த்துக் காயப்போட்டிருக்கிறேன்.